கம்பியை இழுப்பவர்கள்

அண்மையில் ஒரு சகோதர இதழில் வந்த இசைக் கட்டுரை மின் கிதாரை மண்ணில் வேரில்லாத கருவி என்று ஒதுக்குகிறது. ஆசியர் அதை வாசித்தால் நகலுக்கு நகல் என்றும் தீர்ப்பு எழுதுகிறது. காட்டும் சான்று, ஜப்பானின் லவுட்னஸ் குழு 1985இல் வெளியிட்ட 'தண்டர் இன் தி ஈஸ்ட்' ஆல்பம். பாடல்கள் ஆங்கிலத்தில், தயாரிப்பு மாக்ஸ் நார்மன், அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 74ஆம் இடம். கட்டுரையாளருக்கு இவ்வளவு போதுமானதாக இருக்கிறது. குழுவின் கிதார்காரர் அகிரா தகசாகியின் விரல்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

எங்களுக்கு அந்த விரல்கள்தான் முக்கியம். நால்வர் குழுவில் கிதார் ஒன்றே. பாட்டைத் தாங்கும் தடித்த தாளக்கட்டும் அவருடையது, தனி வாசிப்பும் அவருடையது. வலக்கை விரல்களையும் மெட்டுகளின்மேல் ஏற்றித் தட்டி ஓடுகிறவர், சட்டென்று ஒரு ஸ்வரத்தில் நின்று கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கிறார். வீணை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இழுப்பு புதிதல்ல. மெழுகில் பதித்த 24 மெட்டுகளின்மேல் கம்பியை இழுத்துத்தானே வைணிகர் கமகம் பிடிக்கிறார்! ஆனால் வீணையில் மீட்டிய ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். நீண்ட இழுப்பின் கடைசி அசைவு பாதி காதோடு போய்விடும். மின் கிதாரின் பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முடுக்கி ஒலியைச் சிதைத்தால் ஸ்வரம் அடங்காமல் நிற்கிறது. கட்டுரையாளர் இரைச்சல் என்று தள்ளியது இந்தச் சிதைவைத்தான். இழுப்பை முடிவுவரை கேட்கவைப்பதும் அதுதான்.

நம்மிடையே இதற்கு ஆள் இல்லாமலில்லை. யு. ஸ்ரீனிவாஸ் மாண்டலினின் இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கட்டி, மின்சாரத்தோடு கச்சேரி மேடை ஏறினார். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானம் படித்த பிரசன்னா கிதாரில் கீர்த்தனை வாசித்தார். 2006இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' தந்தார். பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்ட வயலினை இன்று யார் அந்நியம் என்கிறார்கள்?

ஆகவே கட்டுரையாளரின் கோபம் கிதார் மீதல்ல, உரத்த ஒலி மீது. தத்துவவாதி அடோர்னோ ஜாஸை இகழ்ச்சியோடு கேட்ட காது அது. மூடிய அரங்கில் அமர்ந்து கேட்பதே இசை என்ற அளவுகோல் சபாக்கள் தந்தது. மியூசிக் அகாதெமியே 1928இல் பிறந்ததுதான். நாகஸ்வரமும் தவிலும் தெருவுக்கானவை. புதுச்சேரிக் கடலோர வீராம்பட்டினத்தில் ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் நகரும்போது, தவில்காரர் கூட்டத்தையும் கடலையும் தாண்டிக் கேட்டாக வேண்டும். வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் கழியும் அதற்காகத்தான். அந்த உரப்பைக் கழித்துவிட்டால் தவிலின் நுட்பம் என்று எதை மிச்சம் வைப்பீர்கள்?

எது இசை, எது இரைச்சல் என்பதை இங்கே காது மட்டும் முடிவு செய்ததில்லை. வாசிப்பவர் யார், எந்தத் தெருக்காரர் என்று விசாரித்த பிறகே தீர்ப்பு வந்தது. பறைக்கு நடந்தது அதுதான். மண் என்று பேசுகிறவர்கள் அந்த மண்ணில் பறை எத்தனை காலம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தது என்பதையும் எழுத வேண்டும். அதை எழுதாமல் ஒரு ஜப்பானியக் கிதார்காரரை நகல் என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு இல்லை.

அடுத்த இதழைத் தவில், பறை, கிதார் வாசிக்கிறவர்களுக்கே ஒதுக்குகிறோம். எழுதிப் பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம். சொன்னால் நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.