ஒரு ஈ... நூறு கோடி!

2011 ஏப்ரல் மாசம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழக உயிரியலாளர் மைக்கேல் ஐசனின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. பீட்டர் லாரன்ஸ் எழுதிய ‘தி மேக்கிங் ஆஃப் எ ஃப்ளை’. ஒரு ஈ எப்படி உருவாகுதுன்னு சொல்ற 1992-ம் வருஷத்துப் புத்தகம். அமேசானில் தேடினா, பழைய பிரதி 35 டாலர் சுமாருக்கு இருக்கு. புதுப் பிரதி ரெண்டு பேர்கிட்ட இருக்கு. ஒருத்தர் சொல்ற விலை 17 லட்சம் டாலர், இன்னொருத்தர் 21 லட்சத்துக்கு மேல!

யாரோ விளையாடறாங்கன்னுதான் எல்லாரும் நினைப்போம். ஐசன் தினமும் விலையைக் குறிச்சு வெச்சுக் கணக்குப் போட்டார். முதல் கடையோட புரோகிராம், போட்டிக் கடை விலையை 0.9983-ஆல் பெருக்கித் தன் விலையா வெச்சுக்குது. அதாவது கொஞ்சூண்டு கம்மி. ரெண்டாவது கடையோட புரோகிராமோ முதல் கடை விலையை 1.270589-ஆல் பெருக்குது. (ஏன் கூட வைக்கணும்? அந்த ஆள்கிட்ட புத்தகமே இருந்திருக்காது, ஆர்டர் வந்தா முதல் கடையில் வாங்கி அனுப்பிக்கலாம்னு இருந்திருப்பார் என்பது ஐசனோட ஊகம். நம்ம ஊர் புரோக்கர் மூளைதான்!) ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, ஒரு சுற்றுக்கு சுமார் 27 சதவிகிதம் ஏத்தம். பத்தே நாளில் விலை 2,36,98,655 டாலர். அன்னிக்கு நம்ம பணத்தில் நூறு கோடிக்கு மேல. மறுநாள் ஒரு கடைக்காரர் முழிச்சுக்கிட்டார் போல, சடார்னு 106 டாலருக்கு இறக்கிட்டார்.

ரெண்டு புரோகிராமிலும் ஒரு பக் கூட இல்லை பாஸ். தனித்தனியா எடுத்தா ரெண்டும் சமர்த்துப் பிள்ளைங்க. சேர்ந்தபோதுதான் கூத்து. ‘மல்ட்டி ஏஜென்ட் சிஸ்டம்ஸ்’னு ஒரு எலெக்டிவ் பேப்பரை சிலபஸில் பார்த்துட்டு, ‘மார்க் வருமாடா?’ன்னு சீனியரைக் கேட்கறீங்களே, அந்தப் பேப்பரோட உயிர்நாடியே இதுதான். தனக்குன்னு ஒரு குறிக்கோளோட, தானே முடிவெடுக்கிற பல புரோகிராம்கள் ஒரே இடத்தில் இருந்தா என்ன நடக்கும்?

இதே கேள்வியில் நான் ஒரு தடவை நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். நாலு பேர் சேர்ந்து ‘கான்ட்ராக்ட் நெட்’ செஞ்சோம். 1980-ல் ரீட் ஸ்மித் வெளியிட்ட முறை அது. ஒரு ஏஜென்ட் ‘இந்த வேலை இருக்கு’ன்னு அறிவிக்கும், மத்ததெல்லாம் ஏலம் கேட்கும், தோதான ஆளுக்கு வேலை போகும். கலர் கலரா ஸ்க்ரீன், தங்க எழுத்து பைண்டிங், எல்லாம் ரெடி. வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

‘‘தம்பி, ஏலம் விடற ஏஜென்ட் ஹேங் ஆயிட்டா?’’

நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ‘‘சார்... எல்லாமே நின்னுடும் சார்.’’

‘‘அப்புறம் எதுக்குப்பா பத்து ஏஜென்ட்?’’

ஸ்மித்தோட முறையில் ஏலம் விடறவர், எடுக்கறவர்னு நிரந்தரப் பதவியே கிடையாது. இன்னிக்கு வேலை வாங்கினவன், அதையே துண்டு போட்டு அடுத்தவனுக்கு ஏலம் விடலாம். நாங்க என்னடான்னா ஒரு ஹெச்.ஓ.டி-யை உட்கார வெச்சுட்டோம்! தலைவன் இல்லாம வேலை நடக்கும்னு மனசு ஒத்துக்கவே இல்லை. இந்தப் பாடத்தில் கஷ்டமே அதுதான், கோடிங் இல்லை.

தலைவன் இல்லாம ஜெயிக்கிற ஆளுங்க எறும்புங்க. பிரஸ்ஸல்ஸில் தெனெபூர்க் குழுவினர் 1980-களின் கடைசியில் ஒரு சோதனை செஞ்சாங்க. எறும்புக் கூட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ரெண்டு பாதை, ஒண்ணு மத்ததைப் போல இரு மடங்கு நீளம். குட்டைப் பாதையில் போன எறும்பு சீக்கிரம் திரும்புது, அதனால் அங்கே வாசனை சீக்கிரம் ஏறுது, பின்னால் வர்றதும் அங்கேயே போகுது. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் குட்டைப் பாதையில்.

சபாஷ்னு கை தட்டிடாதீங்க. முதலில் நீளப் பாதையை மட்டும் திறந்து, அரை மணி நேரம் கழிச்சு குட்டைப் பாதையைத் திறந்தாங்க. எறும்புங்க பெரும்பாலும் பழைய வழியிலேயே போச்சு! சொந்த வாசனையிலேயே மாட்டிக்கிச்சுங்க. 1992-ல் மிலான் நகரத்தில் மார்க்கோ டொரிகோ தன் பிஎச்.டி. ஆய்வில் எறும்பை அல்காரிதமாக்கினபோது இதுக்கு ஒரு மருந்து வெச்சார். வாசனை ஆவியாகணும். அதாவது, கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா மறக்கணும். எல்லா ஊரையும் சுத்திட்டு வர்ற குறைஞ்ச தூர வழியைக் கண்டுபிடிக்கிற கணக்கில் இதை வெச்சு நல்ல விடை கிடைச்சது.

படிக்க ஆசைன்னா மைக்கேல் வூல்ட்ரிஜ் எழுதின அறிமுகப் புத்தகம் இருக்கு, லைப்ரரியில் கேளுங்க. அதுக்கும் முன்னாடி ‘நெட்லோகோ’வை டவுன்லோட் பண்ணுங்க. யூரி வில்லென்ஸ்கி 1999-ல் உருவாக்கினது, இலவசம். ப்ராஜெக்ட் சென்டருக்குக் கொட்டிக் கொடுக்கற காசு மிச்சம். மாடல்ஸ் லைப்ரரியில் பயாலஜி பகுதியில் ‘ஆன்ட்ஸ்’ இருக்கும். ஒரு கூடு, மூணு குவியல் சாப்பாடு. முதலில் அப்படியே ஓட விடுங்க. அப்புறம் ‘எவாப்பரேஷன் ரேட்’ ஸ்லைடரைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துட்டு, முதல் குவியல் தீர்ந்த பிறகு எறும்புங்க எங்கே சுத்துதுன்னு பாருங்க.