நாடாளுமன்ற அவைப்பதிவும் தமிழாய்வும்: சில மறுப்புகள்

இந்தி இந்தியாவின் ஆட்சிமொழியானது அரசியல் நிர்ணய சபையில் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டினால்தான் என்னும் கூற்று தமிழ் மேடைகளுக்கு மிகப் பழகியது. மேடையோடு அது நின்றிருப்பின் கவலையில்லை. மொழிப்போர் குறித்த ஆய்வுரைகளிலும் அது சான்று வேண்டாத உண்மையாக இடம்பெற்றுவிடுகிறது. 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை மூன்று நாள்கள் நிகழ்ந்த மொழி விவாதம் அச்சில் உள்ளது; இன்று கணினித் திரையிலும் கிடைக்கிறது. முன்ஷி - அய்யங்கார் வரைவு ஏற்கப்பட்ட செய்தி அதில் உண்டு. அந்த ஒரு வாக்கு அதில் இல்லை.

அவ்வாக்கு முற்றும் கற்பனையுமன்று. மொழிவாரி மாநிலங்களைப் பற்றி 1955இல் எழுதிய நூலில் அம்பேத்கர், காங்கிரசுக் கட்சிக் கூட்டமொன்றில் முதலில் 78க்கு 78 எனவும், மீண்டும் கேட்டபோது 78க்கு 77 எனவும் வாக்குகள் பிரிந்ததைத் தாம் நேரில் அறிந்த செய்தியாகக் குறிக்கிறார். அக்கூட்ட வாக்கெடுப்பு இந்தியைப் பற்றியதா, எண்ணுருக்களைப் பற்றியதா என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் கட்சிக் கூட்டம் வேறு, அவை வேறு. கட்சிக்குள் நிகழ்ந்தது அவைக்குள் நிகழ்ந்ததாக இடம் மாறியது யாரால், எப்பொழுது என்பது தனியே ஆராயத்தக்கது. இங்குக் கேட்கவேண்டிய கேள்வி எளியது. அவைப்பதிவைத் திறந்து பார்க்க ஒரு பிற்பகல் போதும். அந்த ஒரு பிற்பகலைச் செலவிட ஆய்வாளர் ஏன் முன்வருவதில்லை?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவைப்பதிவு வரலாற்றுத் துறைக்கும் அரசியல் துறைக்கும் உரியது, தமிழ்த்துறைக்கு இலக்கியமே எல்லை என்பதாகும். இவ்விடை ஏற்கத்தக்கதன்று. இருபதாம் நூற்றாண்டு உரைநடையை ஆராயும் தமிழ்த்துறை மேடைத்தமிழை ஒதுக்கிவிடவில்லை. அண்ணாவின் அடுக்குமொழியைப் பாடமாகவே வைத்துள்ளது. 1962இல் மாநிலங்களவைக்குச் சென்ற அண்ணா, மே 1ஆம் நாள் ஆற்றிய கன்னியுரை தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வுரை ஆங்கிலத்தில் ஆற்றப்பட்டது. தமிழ் வாசகர் அறிந்தது அதன் மொழிபெயர்ப்புகளையே. அம்மொழிபெயர்ப்பின் தொடரமைப்பையும் எதுகை மோனையையும் எடுத்துக்காட்டி அண்ணாவின் நாடாளுமன்ற நடை இத்தகையது என ஒருவர் நிறுவுவாராயின், அவர் ஆராய்ந்தது மொழிபெயர்ப்பாளரின் நடையை. மூலம் எம்மொழியில் அமைந்தது என்பதைக் கூடக் குறிக்காத மேற்கோள்கள் நம் ஆய்வேடுகளில் அரியன அல்ல. சங்கப் பாடலொன்றில் ஒரு சொல்லுக்குப் பாடவேறுபாடு உண்டெனில் பக்கம் பக்கமாக வாதிடும் துறை, நாடாளுமன்ற உரை என்றவுடன் ‘மாநிலங்களவைப் பேச்சு, 1962’ என்று எழுதிவிட்டு அமைதியடைவது விந்தையே.

இனி, எதிர்த்திசையில் நிற்போரையும் நோக்க வேண்டும். அவைப்பதிவுகள் மின்வருடல் செய்யப்பட்டுவிட்டன. ஒரு சொல்லைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும். வராவிடில் அப்படி யாரும் பேசவில்லை என்பது பொருள் என்பர் இவர்கள். முன்னவரின் சோம்பலைவிட இவர்களின் நம்பிக்கை தீங்கு மிகுந்தது. பதிவைப் பாராதவர் பிழையைத் தொடர்கிறார், அவ்வளவே. ‘தேடினேன், இல்லை’ என்று எழுதுபவரோ இருந்ததை இல்லையென்று சாதிக்கிறார்.

தேடலின் இடர்கள் பெயர்களிலேயே தொடங்குகின்றன. அரசியல் நிர்ணய சபையில் கிருஷ்ணமாச்சாரி என்று தேடுபவர்க்கு டி. டி. கிருஷ்ணமாச்சாரியும் வி. டி. கிருஷ்ணமாச்சாரியும் சேர்ந்தே வருவர். 1948 நவம்பர் 5ஆம் நாள் இந்தி ஆதிக்கத்தைப் பற்றி எச்சரித்தவர் முன்னவர். அய்யங்கார் எனத் தேடினால் கோபாலசாமி அய்யங்காரும் அனந்தசயனம் அய்யங்காரும் கலந்து நிற்பர். இதற்கு மேல் அப்பெயரின் உரோமன் எழுத்துக்கூட்டல் இரு வகை. ‘தமிழ்நாடு’ என்னும் பெயரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சென்னை மாநிலத்தின் பெயரை மாற்றக் கோரி பூபேஷ் குப்தா மாநிலங்களவையில் கொணர்ந்த தனியுறுப்பினர் சட்டமுன்வரைவில் அப்பெயர் இறுதி உகரமின்றி ‘தமிழ்நாட்’ என்று ஒரே சொல்லாக உரோமன் எழுத்தில் அமைந்தது. அதன்மீது அண்ணா 1963இல் பேசினார். இன்று வழங்கும் எழுத்துக்கூட்டலில் இரு சொற்களாகத் தேடும் ஆய்வாளர், பெயர்மாற்ற வரலாறு 1967 ஜூலை 18ஆம் நாள் சட்டமன்றத் தீர்மானத்தோடுதான் தொடங்குகிறது என்று முடிவு கட்டக்கூடும். ஓர் உகரமும் ஓர் இடைவெளியும் அண்ணாவின் உரையொன்றை அவர் கண்ணுக்கு மறைத்துவிடும்.

திருக்குறளைத் தேடப் புகுந்தால் நூற்பெயர்க்கும் ஆசிரியர் பெயர்க்கும் தகர, ழகர, றகர ஒலிகளை உரோமன் எழுத்தில் தந்த வேறுபாடுகள் பலவாகப் பெருகும். குறளே அவையில் சொல்லப்பட்டிருந்தும் பதிவில் அது உரோமன் எழுத்தில் அமைந்தால் தமிழ் எழுத்தில் தேடுபவர்க்கு அகப்படாது. 2019 ஜூலை 5ஆம் நாள் வரவு செலவுத் திட்ட உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் கூறிய புறநானூற்றுப் பாடலை (184) எடுத்தாண்டார். அச்சிட்ட ஆங்கில உரையில் அப்பாடற்பகுதி உரோமன் எழுத்தில் உள்ளது. யானை ‘யன்னை’ எனப் படிக்குமாறு எழுதப்பட்டுள்ளது. ‘புலம்’ என்னும் சொல் இருக்கவேண்டிய இடத்தில் ‘நிலம்’ நிற்கிறது. மூலபாடத்தைக் கொண்டு தேடினால் அகப்படாது. ஆனால் தமிழாய்வாளர்க்கு இதைவிடச் சுவையான செய்தி வேறென்ன வேண்டும்? ஏடெழுதுவோர் செய்த பிழைகளைப் போலவே தட்டச்சிலும் பாடம் திரிகிறது. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்புநோக்கிய முறை இங்கும் செல்லும், செல்ல வேண்டும்.

இவையெல்லாம் முயற்சியால் கடக்கத்தக்க இடர்கள். ஒரு சொல்லின் பத்து வடிவங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு பத்து முறை தேடலாம். உறுப்பினர் பெயர், நாள், தொகுதி எனச் சுற்றி வளைத்து அணுகலாம். பழைய மக்களவைப் பதிவுகள் பக்கத்திற்கு இரு பத்திகளாக அச்சிடப்பட்டுப் பத்தி எண் பெற்றவை; கணினி அவ்விரண்டையும் குறுக்கே சேர்த்துப் படித்துக் குழப்பும் இடங்களில் கண்ணால் படிக்கலாம். கடக்க முடியாத இடர் ஒன்று உண்டு. அதைப் பற்றியே தமிழுலகம் பேசாதிருக்கிறது.

மக்களவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசுகிறார். பதிவில் அவர் பெயருக்கு முன் ஓர் உடுக்குறி. கீழே அடிக்குறிப்பு: தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பின்னர் வருவது முழுவதும் ஆங்கிலம். இந்தியில் பேசியவரின் உரை மூலப்பதிவில் தேவநாகரியில் நிற்க, தமிழில் பேசியவரின் சொற்கள் ஓர் உடுக்குறியாகச் சுருங்கிவிடுகின்றன. அவர் அடுக்கிய அடுக்கு, எடுத்தாண்ட பழமொழி, வட்டாரச் சொல், சிலேடை ஆகிய எவற்றையும் எந்தத் தேடலும் மீட்டுத் தராது. பதிவில் இல்லாததைத் தேடுவது எவ்வாறு? அவ்வுரைகளின் ‘நடை’யென ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பது அவையின் மொழிபெயர்ப்பாளருடையது.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த தனிக்குறை என்று சொல்வது முறையாகாது; வங்காளிக்கும் மலையாளிக்கும் இதே நிலைதான். இந்துஸ்தானிக்குக் கூட ஒருகால் இது நேர்ந்தது. 1946 டிசம்பர் 10ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆர். வி. துலேகர், இந்துஸ்தானி அறியாதவர்க்கு இந்தியாவில் இருக்க உரிமையில்லை என்ற கருத்துப்பட இந்துஸ்தானியில் பேசினார். தமிழ் ஆய்வுகளில் ஓயாது மேற்கோளாகும் அவ்வுரையும் ஆங்கில அறிக்கையில் மொழிபெயர்ப்பாகவே நிற்கிறது. அவர் எச்சொல்லால் அதைச் சொன்னார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

வேர் அரசியலமைப்பிலேயே உள்ளது. 120ஆம் பிரிவின்படி நாடாளுமன்ற அலுவல் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடைபெறும்; இவ்விரண்டிலும் தம் கருத்தைச் செவ்வனே வெளியிட இயலாத உறுப்பினரைத் தாய்மொழியில் பேச அவைத்தலைவர் அனுமதிக்கலாம். தாய்மொழி இங்கு உரிமையாக வரவில்லை; இயலாமைக்குக் காட்டும் சலுகையாக வருகிறது. 2018இல் மாநிலங்களவையில் எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பேசலாம் என அறிவிக்கப்பட்டது. மக்களவையிலும் உடனடி மொழிபெயர்ப்புக்குரிய மொழிகள் 2025இல் மேலும் விரிந்தன. இவ்வசதிகள் கேட்போர்க்கு உரியவை. பேசிய மொழியில் பதிவு வேண்டும் என்பது வேறொரு கோரிக்கை. அவ்வாறு பதிவது இயலாத செயலன்று. தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் தமிழுரை தமிழிலேயே அச்சேறுகிறது.

‘காணொளி இருக்கிறதே’ என்பர். உண்மை. 2006இல் மக்களவைத் தொலைக்காட்சியும் 2011இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் தொடங்கின; 2021இல் இரண்டும் சன்சத் தொலைக்காட்சியாக இணைந்தன. இக்காலத்துத் தமிழுரைகளைக் கேட்டு எழுத்தில் வடிக்க ஓரளவேனும் வாய்ப்புண்டு. ஆண்டுதோறும் தமிழ்த்துறைகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஒரே புதினத்தின் பெண் பாத்திரங்களை வெவ்வேறு தலைப்புகளில் ஆராயவிட்ட காலம் ஒன்றிருந்தது. அவ்வுழைப்பில் நூற்றில் ஒரு பங்கு இப்பணிக்கு வாய்த்திருந்தால் இன்று தமிழ் நாடாளுமன்ற உரைக்கோவை ஒன்று கையிலிருக்கும். குறிப்பாகத் தில்லியிலும் பிற மாநிலங்களிலும் இயங்கும் தமிழ்த்துறைகள் தமக்கென ஆய்வுக்களம் இல்லையெனக் குறைகூறுவதுண்டு. இந்தியும் வங்காளமும் கற்பிக்கும் துறைகள் பக்கத்து அறைகளிலேயே இருக்க, பன்மொழி அவையொன்றின் பதிவை ஒப்பாய்வு செய்யும் வாய்ப்பு அவர்களுக்கன்றி வேறு யாருக்கு உண்டு?

அதுவரை, மேற்கோள் காட்டுவோரிடம் இதழாசிரியரும் நெறியாளரும் கேட்கத்தக்கவை சில உள: நாள், தொகுதி, பத்தி அல்லது பக்க எண், பேசிய மொழி, பெயர்முன் உடுக்குறி உண்டா என்பது, பார்த்தது திருத்தப்படாத உடனடிப் படியா இறுதிப் பதிப்பா என்பது. கடைசியாகச் சொன்னதைச் சிறிதென எண்ணலாகாது. மக்களவை விதி 380இன்படித் தலைவர் நீக்க ஆணையிட்ட சொற்கள் இருந்த இடத்திலும் உடுக்குறிகளே நிற்கும். நீக்கப்பட்டதைக் கூறும் அடிக்குறிப்பும் உடனிருக்கும். நேரலையில் கேட்ட சொல் பதிவில் இல்லாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே குறி ஓரிடத்தில் மொழிபெயர்க்கப்பட்டது என்றும் மற்றோரிடத்தில் நீக்கப்பட்டது என்றும் பொருள்படுகிறது. தமிழில் பேசிய உறுப்பினரின் உரையில் இரண்டும் ஒரே பக்கத்தில் அமைவதும் உண்டு. அங்கே அடிக்குறிப்பைப் படிக்காமல் மேற்கோளை எடுப்பவர், எந்த உடு எதைச் சுட்டுகிறது என்பதை அறியாமலே எடுத்துச் செல்கிறார்.