பொன்னாடையால் ஊர் திருந்தாது

“நல்லது செய்கிறவர்களை நாலு பேர் அறியப் பாராட்டுங்கள். அதைப் பார்த்து நாற்பது பேர் கிளம்புவார்கள். ஊர் தானாகத் திருந்தும்.” சென்னையில் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் போனாலும், வாழ்த்துரை வழங்குகிறவர் இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. நாமும் கைதட்டிவிட்டு வருகிறோம். இவ்வளவு நல்ல கருத்தை எதிர்ப்பவன் வயிற்றெரிச்சல் பிடித்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். இருந்துவிட்டுப் போகிறேன். இந்த நம்பிக்கை பொய். அதோடு நகரத்துக்குக் கெடுதலும் செய்கிறது.

அந்த மேடையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆறு மணி விழா ஏழரைக்குத் தொடங்கும். முன்வரிசையில் உறை போட்ட நாற்காலிகள். கடைசி வரிசையில் சீருடையோடு தூய்மைப் பணியாளர்கள். மறுநாள் விடிகாலையில் வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டியவர்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, புரவலர் அறிமுகம் எல்லாம் முடிந்து, பசி நேரம் தாண்டிய பிறகு அவர்களைக் கூப்பிடுவார்கள். ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை ஒன்று தோளில் விழும். “அக்கா, இப்படிப் பாருங்க” என்பார் போட்டோகிராபர். கொடுப்பவர் கைக்கும் வாங்குபவர் கைக்கும் நடுவில் கேடயம் படம் எடுத்து முடியும்வரை அந்தரத்தில் நிற்கும். அதில் புரவலர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த அம்மாளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘சிறந்த சேவைக்காக’ என்று பொதுவாக ஒரு வரி. எல்லாம் முடியும், மைக்கை மட்டும் அவர் கையில் தர மாட்டார்கள். தந்தால் என்ன கேட்பார் என்று மேடையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மைக் தராமலே தூய்மைப் பணியாளர்கள் கேட்டதும் உண்டு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 23,000 ரூபாயை ஒட்டிய சம்பளம் 17,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும் என்றார்கள். வருஷக்கணக்காகப் பார்க்கிற வேலையை நிரந்தரமாக்குங்கள் என்றார்கள். 13ஆம் தேதி இரவு, உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டிப் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்த நலத்திட்டங்களில் இலவசக் காலை உணவும் ஒன்று. கேட்டது வேலைக்கு உத்தரவாதம், கிடைத்தது டிபன். புயலுக்கும் வெள்ளத்துக்கும் பிறகு இவர்களைத் தெய்வமாக்கி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிய எத்தனை சங்கங்கள் அந்த வாசலுக்குப் போய் ஒரு குடம் தண்ணீராவது வைத்தன?

பாராட்டு செலவில்லாதது. அதனால்தான் அது இவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறது. 2020 மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்காக மாடியில் நின்று தட்டைத் தட்டினோம், மணி அடித்தோம். ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் இதே சென்னையில் ஒரு கும்பல் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. கடைசியில் கூட வேலை பார்த்த இன்னொரு மருத்துவர் தானே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. தட்டைத் தட்டிய கைதான் கல்லையும் எடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. தட்டிய சத்தம் ஒரு கல்லைக்கூடத் தடுக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இதைவிடப் பெரிய கெடுதல் வேறு. யாரைப் பாராட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போது நம் குழுக்கள் எப்போதும் யாருக்கும் தொந்தரவில்லாத ஆளாகப் பார்த்தே பிடிக்கின்றன. மரக்கன்று நட்டவர், சுவரில் படம் வரைந்தவர், கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்கியவர். நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆக்கிரமிப்பை எதிர்த்து வழக்குப் போட்டவரும், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுச் சாலை ஒப்பந்தத்தைத் தோண்டியவரும் அந்தப் பட்டியலில் வருவதில்லை. அவர்கள் பெயரைச் சொன்னால் சிறப்பு விருந்தினர் முகம் சுளிப்பார்.

எண்ணூரைப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டபோது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிகிறது, ஆறு அடைபட்டால் வெள்ளம் ஊருக்குள்தான் வரும் என்று எண்ணூர் மீனவர்கள் அதற்கு முன்பும் சொன்னார்கள், பின்பும் சொன்னார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அதைக் கேட்க ஆளில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு அந்தக் கழிமுகத்தில் பரவியபோது, முதல் நாட்களில் உரிய பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மக்கிலும் வாளியிலும் அதை அள்ளியவர்களும் மீனவர்கள்தான். படகோடு வந்தால் கதாநாயகன், மனுவோடு வந்தால் வளர்ச்சிக்கு எதிரி. இப்படி ஒரு ஊர் பாராட்டுவதைவிடப் பாராட்டாமல் இருப்பது மேல்.

தனி மனிதருக்குத்தான் இந்தக் கதி என்றில்லை. 1989இல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வைக்கும் முறையைப் பரப்பியது. அதற்குப் புகழ் குறைவில்லை. ஆய்வாளர்கள் எழுதினார்கள், மற்ற ஊர்கள் வந்து பார்த்தன. 2000இல் நகரின் சில மண்டலங்களை ஓனிக்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டபோது, தெருவாசிகள் கட்டியெழுப்பிய அந்த ஏற்பாட்டுக்கு ஒப்பந்தத்தில் உருப்படியான இடம் கிடைக்கவில்லை. பல தெருக்களில் வண்டிகள் ஓரங்கட்டப்பட்டன. பாராட்டிய யாரும் டெண்டர் எழுதும் அறையில் இல்லை.

“எல்லாவற்றையும் காசால் அளக்காதீர்கள், மனிதனுக்கு மரியாதை வேண்டாமா?” என்று கேட்பார்கள். வேண்டும். சோற்றுக்கு அடுத்தபடியாக அதுதான் வேண்டும். அதனால்தான் போலி மரியாதையின் மேல் எனக்கு இவ்வளவு கோபம். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் ஐந்து துப்புரவுப் பணியாளர்களின் பாதங்களைப் பிரதமர் கழுவினார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 2013இல் வந்துவிட்டது. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளில் ஆட்கள் இறங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கடையில் இறங்கி இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. காலைக் கழுவுவதா, அந்தக் கால் குழிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வதா, எது மரியாதை?

உண்மையான மரியாதை எப்படி இருக்கும் என்று பார்க்கப் புனேவுக்குப் போகலாம். அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993இல் சங்கம் அமைத்தார்கள். பொன்னாடை கேட்கவில்லை. மாநகராட்சி ஒப்புக்கொண்ட அடையாள அட்டை கேட்டு வாங்கினார்கள். 2008இல் அவர்களுடைய ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்போடு மாநகராட்சி ஒப்பந்தமே போட்டது. வீட்டு வாசலில் குப்பை எடுப்பவர் அந்த வீட்டாரிடமே கட்டணம் வாங்குகிறார். விலை போகிற காகிதமும் பிளாஸ்டிக்கும் அவருக்குச் சேரும். அங்கும் சொர்க்கம் இறங்கிவிடவில்லை, ஒப்பந்தத்தைக் காப்பாற்றப் பின்னாளிலும் போராட வேண்டி வந்தது. ஆனாலும் நேற்றுவரை ‘திருடி’ என்று விரட்டப்பட்டவர் கழுத்தில் அட்டையோடு அழைப்பு மணியை அழுத்துகிறார். எந்தக் கேடயமும் இதைச் செய்யாது. இத்தனைக்கும் குப்பை பொறுக்குவோரை அடையாளம் கண்டு அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. சென்னையின் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பை மலைமேல் பொறுக்கியவர்கள் பெயர்ப் பட்டியலுக்காக எந்தச் சங்கம் வார்டு அலுவலகத்தில் போய் நின்றது?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் குடியிருப்பவர்கள் கூடிப் பேச ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறது. அடுத்த விழாவுக்கு மண்டபம் பிடிப்பதற்கு முன் அந்தச் சபைக்கு வாருங்கள். உங்கள் தெருவைப் பெருக்குகிறவருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு, வைப்பு நிதி கட்டுகிறார்களா, கையுறை கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கவுன்சிலரிடம் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். அந்தப் பணியாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து, மைக்கை முதலில் அவரிடம் கொடுங்கள்.