தொழுவமும் தோட்டமும்: மக்கிய வைக்கோலுக்கு ஒரு வழி



‘வைக்கோற்போர் நாய்’ என்னும் பழமொழியை அறியாதார் நம்முள் இலர். தானும் தின்னாது, தின்ன வரும் மாட்டையும் விடாது என்று அந்த நாயைப் பழிக்கிறோம். ஆயினும், மழைக்காலம் கழிந்தபின் சித்தூர் வட்டத்துக் களத்துமேடுகளையும், தேவிகுளம், உடும்பன்சோலை மலைச்சரிவுகளில் உள்ள தொழுவங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தால், அக்குணம் மனிதரிடத்தும் உண்டு என்று எண்ணத் தோன்றும். கறுத்துப் பூசணம் பூத்து, மாடு முகர்ந்து பார்த்து முகந்திருப்பிக் கொள்ளும் வைக்கோலை, ‘காசு கொடுத்து வாங்கியது ஆயிற்றே’ என்று ஆண்டுக்கணக்கில் மூலையில் அடுக்கி வைத்திருக்கிறோம். மாட்டுக்கும் உதவாமல், மண்ணுக்கும் போகாமல் அது கிடக்கிறது. இத்திங்கள் அதனைப் பற்றியே சில சொற்கள்.

பாலக்காட்டில் நெல் இருபோகம். முதற்போகமாகிய விரிப்பு அறுவடைக்கு வரும் புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் வானம் எப்பொழுது பொத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. முன்னாளில் தாளைக் களத்தில் பரப்பி, வெயிலில் புரட்டி, நன்கு உலர்ந்தபின் கைதேர்ந்த ஒருவர் மேலேறி நின்று போர் வேய்வார். கூரைபோற் சரிந்த அந்தப் போரின்மேல் விழும் மழை வழிந்தோடிவிடும். மலையாளத்தார் ‘துறு’ என்பதும் அதனையே. இன்றோ அறுவடை இயந்திரம் காலையில் அறுக்கிறது. கட்டும் இயந்திரம் பின்னாலேயே வந்து தாளை உருளைகளாகச் சுருட்டிவிடுகிறது. வெளியே பொன்னிறம், உள்ளே ஈரம்! நூற்றுக்கு இருபது பங்குக்குமேல் ஈரம் உள்ள கட்டு கெடாமல் தப்புவது அரிது. அத்தகைய கட்டு குமுளி வழியாகவோ, போடிமெட்டு வழியாகவோ, உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகவோ லாரியேறி மலைக்குச் சென்றால், அங்குள்ள மூடுபனியும் சாரலும் எஞ்சிய வேலையை முடித்துவிடும்.

கெட்ட வைக்கோலால் விளையும் தீங்கு நான்கு வகைப்படும்.

முதலாவது, மாட்டுக்கு. வைக்கோலிற் பூக்கும் பூசணங்களுட் சில நஞ்சு சுரப்பவை. பஞ்சாபில் தேக் நாலா என்னும் ஓடையை அடுத்த பகுதியில், 1930-களில் எருமைகளின் வாலும் செவியும் குளம்பும் அழுகி விழுந்தன. பூசணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்றதால் விளையும் இந்நோய்க்கு ‘தெக்னாலா’ என்பதே இன்றளவும் பெயர். அஃப்ளடாக்சின் என்பது மற்றொரு பூசண நஞ்சு. அது தீவனத்திற் புகுந்தால் பாலிலும் இறங்கும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. அப்பாலைக் குடிப்பவர் நம் குழந்தைகளும், நம்மிடம் பால் வாங்கும் அண்டை வீட்டாரும் அல்லரோ?

இரண்டாவது, மனிதருக்கு. பூசணம் பிடித்த வைக்கோலை உதறும்போது எழும் தூசு நுரையீரலைத் தாக்கும். இதனைக் காம்பெல் என்னும் ஆங்கில மருத்துவர் 1932-இல் எடுத்துரைத்தார். ‘உழவர் நுரையீரல்’ என்று அந்நோய் பெயர் பெற்றது. காலையில் போர் பிரித்தவருக்கு மாலையில் குளிரும் காய்ச்சலும் இருமலும் மூச்சுத்திணறலும் காணும். மறுநாள் தணிந்துவிடுவதால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுவர். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி, மூச்சு என்றென்றைக்கும் குறைந்துவிடும். போரில் குடியிருக்கும் எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் வரும். 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளம் வடிந்தபின் கேரள நாட்டில் அக்காய்ச்சல் எத்துணைக் கடுமையாகப் பரவிற்று என்பதை நாம் மறந்துவிடவில்லை.

மூன்றாவது, தீ. ஈரக்கட்டுகளை நெருக்கி அடுக்கினால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடு ஏறும். காற்றோட்டமின்றி அச்சூடு மிகுந்தால் எவரும் கொளுத்தாமலே தீப்பற்றும். இரும்புக் கம்பி ஒன்றைப் போரின் நடுவே செருகிக் கால்மணி நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கையால் பிடிக்க இயலாதபடி சுட்டால் போரைப் பிரிக்கலாகாது. பிரித்தால் காற்றுப் புகுந்து குபீரென்று எரியும். தீயணைப்பு நிலையத்தாரை 101 என்னும் எண்ணில் அழைப்பதே அறிவுடைமை.

நான்காவது, தென்னைக்கு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கங்களில் தென்னந்தோப்பு உடையோர் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும். குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவது சாணக்குவியலிலும், இத்தகைய மக்கிய குப்பையிலுமே. தோப்பின் ஓரத்தில் கெட்ட வைக்கோலைக் கொட்டி வைப்பது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும்.

‘ஆயின், ஒரு தீக்குச்சி போதுமே!’ என்பார் உண்டு. கார்த்திகை முதல் மாசி வரையில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் கீழ்க்காற்றை அறிந்தவர் அவ்வாறு சொல்லார். பறந்த பொறி எவர் கூரையில் விழும் என்று யாரால் கூறமுடியும்? மலையில் இன்னும் கொடிது. 2018 மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிற் பரவிய தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடையில் காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ எத்துணை விரைவாக ஏறும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. உயிருக்கு இடரில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் வைக்கோலில் ஐந்து கிலோவுக்குக் குறையாத தழைச்சத்தும், பதினைந்து கிலோவுக்கு மேற்பட்ட சாம்பற்சத்தும் அடங்கியுள்ளன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் புகையாய்ப் போய்விடும். கடையில் விலை கொடுத்து உரம் வாங்கும் நாம் நம் கையாலேயே அதனைக் கொளுத்தலாமா?

இனி, செய்யவேண்டுவது யாது?

முதலில் கட்டுகளைத் தரம் பிரித்தல் வேண்டும். மேற்புறம் மட்டும் நனைந்து உடனே உலர்ந்த கட்டில், நல்ல பகுதி மாட்டுக்கு ஆகும். முடைநாற்றமோ, வெண்பொடியோ, கரும்புள்ளியோ உள்ளதை ஐயமின்றி ஒதுக்குக. வெயிலில் உலர்த்தினால் பூசணம் மடியலாம், நஞ்சு மடியாது. வெள்ளநீர் புகுந்த வைக்கோல் எவ்வகையிலும் தீவனமாகாது. பிரிக்குமுன் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கி, வாயையும் மூக்கையும் நல்ல முகக்கவசத்தால் மூடி, காற்று முதுகுப்புறம் வீசும்படி நின்று வேலை செய்க. காலுறையும் கையுறையும் வேண்டும். பாம்பு உறையும் இடம் என்பதால் கோல்கொண்டு தட்டியபின்பே கைவைக்க வேண்டும். கட்டைச் சுற்றிய பிளாஸ்டிக் நூலையும் வலையையும் முற்றும் எடுத்துவிடுக. மாட்டின் வயிற்றில் அது சென்றால் உயிருக்கு இறுதி.

ஒதுக்கியவற்றை எருவாக்குவதே தலைசிறந்த வழி. ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்த முறை இன்றும் ஏழைக் குடியானவனுக்கு ஏற்றதே. வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. ஆதலால் தனியே கிடந்தால் எளிதில் மட்காது. அரையடி உயரம் வைக்கோல், அதன்மேல் சாணக்கரைசல், சிறிது பச்சைத்தழை, ஒரு கை மண் என்று மாற்றி மாற்றி மூன்றடி உயரம் வரையில் அடுக்குக. பிழிந்தால் சொட்டாத ஈரத்துணி போன்ற பதம் இருக்கவேண்டும். இரண்டு வாரம், ஐந்து வாரம், இரண்டு மாதம் என மும்முறை புரட்டினால் மூன்று மாதத்தில் கறுத்து உதிரும் எரு கிடைக்கும். புரட்டும்போது வெண்ணிறப் புழுக்கள் தென்பட்டால் பொறுக்கி அழித்துவிடுக. மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் இடுவதும், மலையாளத்தார் பெருவலம் எனக் கூறும் செடியின் தழையைக் கலப்பதும் வண்டின் புழுவை ஒடுக்கும். மலைச்சரிவில் குழி தோண்டுவதாயின் ஊற்றுக்கும் ஓடைக்கும் எட்டத் தோண்டவேண்டும்.

எருக்குழிக்கு இடமில்லாதவர் மூடாக்காக இடலாம். இஞ்சி, மஞ்சள், காய்கறிப் பாத்திகளுக்கும், வட்டவடை, காந்தலூர் பக்கத்துப் பூண்டு நிலங்களுக்கும் அது மண்ணின் ஈரத்தைக் காக்கும். மிளகுக்கொடியின் தூரைத் தொடாமல் ஒரு சாண் விட்டுப் பரப்புக. தூர் ஓயாது நனைந்து கிடந்தால் வாடல்நோய் பற்றும். காளான் வளர்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: கோயமுத்தூரில் 1940-களிலேயே வைக்கோற் காளான் வளர்த்துக் காட்டினர், ஆயினும் அதற்குத் தூய புது வைக்கோலே வேண்டும். கெட்டது பயன்படாது.

இறுதியாக, சொல்லத் தயங்கினாலும் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. நல்ல கட்டுகளுக்கு நடுவே கெட்ட கட்டுகளைச் செருகி மலைக்கு ஏற்றி அனுப்பும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ‘எங்கோ மலையில் எவனோ வாங்குகிறான்’ என்பது அவர்கள் சமாதானம். அந்த எவனோ யார்? தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்து, நாட்கூலியில் மிச்சம் பிடித்து ஒரு பசு வாங்கி, அதன் பாலால் பிள்ளையின் பள்ளிச் செலவை ஈடுகட்டும் நம்மவரே அல்லரோ? தாத்தன் காலத்தில் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, ஒரு பிரிவு சமவெளியிலும் ஒரு பிரிவு மலையிலும் தங்கிற்று, அவ்வளவே. ஒரு கட்டின் விலைக்காக அவர் தொழுவத்தில் ஒரு பசு மடியுமானால், அந்த இலாபம் நமக்குச் செரிக்குமா?

ஆகவே நேயர்களே, இவ்வாரம் ஓய்வுநாளில் குடும்பத்தோடு வைக்கோல் மூலையைத் திறந்து பாருங்கள். நல்லதை மாட்டுக்குக் கொடுங்கள்; கெட்டதை மண்ணுக்குக் கொடுங்கள். விற்பதாயின், நீங்கள் உங்கள் பசுவுக்கு இடத் துணியும் கட்டையே விலை கூறுங்கள். மண் தந்ததை மண்ணுக்கே திருப்பினால், அடுத்த போகத்தில் அது நெல்லாக நம் களத்துக்குத் திரும்பி வரும்.