மொரீசியஸ் தீவில் கண்டு வர வேண்டியவை



கோடை விடுமுறைக்கு எங்கே செல்வது என்ற பேச்சு எழும்போது, முன்னாளில் கொடைக்கானலும் வேளாங்கண்ணியுமே நம்மவர் நாவில் முதலில் வரும். இன்று வெளிநாட்டு வேலையும் விமான வசதியும் பெருகிவிட்டமையால், கடல் கடந்த தீவுகளின் பெயர்களும் நம் வீடுகளில் இயல்பாக வழங்குகின்றன. அவற்றுள் மொரீசியஸ் தீவைப் பற்றி நம்மிடம் கேட்போர் பலர். "கடற்கரையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சாமி?" என்பதே அவர்களது கேள்வி. இம்மாதம் அதற்கு விடை கூற விழைகிறோம்.

இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இத்தீவு. எரிமலைக் குழம்பு இறுகிப் பிறந்த நிலம் அது. பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர்; நீளம் 65 கிலோமீட்டர் அளவே. ஆகவே எந்த ஊரில் தங்கினாலும் காலையில் புறப்பட்டுத் தீவின் மறுகோடியைக் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே இருப்பதால் அங்கே பருவங்கள் தலைகீழ். சனவரி முதல் மார்ச் வரை வெப்பமும் புயலும் மிகும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடும் மே மாதத்தில் அங்கே இதமான குளிர் தொடங்கியிருக்கும்.

முதலில் கடலைப் பற்றிச் சொல்லிவிடுவோம். தீவைச் சுற்றிப் பெரும்பகுதியும் பவளப்பாறை ஓர் அரண் போல் வளைந்து நிற்கிறது. பேரலைகள் அதன்மேல் மோதி உடைந்துவிடுவதால், உள்ளே உள்ள நீர் குளம்போல் அமைதியாக இருக்கும். சிறுவரும் அச்சமின்றி நீராடலாம். அந்த அரணின் அருமை விளங்க வேண்டுமாயின், தெற்கே சூயாக் என்னும் ஊரை அடுத்த கிரி-கிரி முனைக்குச் செல்ல வேண்டும். அங்கே பவளப்பாறை இல்லை. தென்கடலின் அலைகள் தடையின்றி வந்து கரும்பாறையை அறைகின்றன. இரண்டையும் ஒரே நாளில் கண்ட பிள்ளைக்குப் பவளப்பாறையின் பயனைப் பாடநூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை.

படகில் சென்று கண்ணாடி வழியே பவளத்தைக் காணுங்கள். ஆனால் அதை மிதிக்காதீர், ஒடித்து எடுத்து வராதீர். பவளம் கல்லன்று, சிற்றுயிர்கள் பல்லாண்டு கட்டிய வீடு. நம் மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு. சுண்ணாம்பிற்காக அவை வெட்டி எடுக்கப்பட்டதை நம் கடற்கரைப் பங்குகளின் மூத்தோர் அறிவர். அழிந்ததை மீண்டும் வளர்ப்பது எத்துணைக் கடினம் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

2020 சூலை 25-ஆம் நாள் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் இத்தீவின் தென்கிழக்குப் பாறையில் மோதிச் சிக்கியது. சில நாட்களில் அதிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கசிந்து கடலைக் கறுப்பாக்கிற்று. அப்பொழுது அத்தீவு மக்கள் செய்ததை நாம் மறக்கலாகாது. மீனவரும் மாணவரும் இல்லத்தரசிகளும் திரண்டு, காய்ந்த கரும்புத் தோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, நீண்ட மிதவைகளாக்கிக் கடலில் இட்டு எண்ணெயைத் தடுத்தனர். கடற்கரையில் நிற்கும்போது இச்செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்த நீல நீர் அவர்கள் காத்த நீர்.

அடுத்து, பாம்ப்ளமூஸ் தோட்டம். 1735-இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே என்பவர் இவ்விடத்தில் மாளிகை அமைத்தார். 1746-இல் ஆங்கிலேயரிடமிருந்து சென்னைக் கோட்டையைக் கைப்பற்றிய அதே பிரெஞ்சுத் தளபதிதான் அவர். பின்னர் பியேர் புவாவ்ர் என்பவர் அவ்விடத்தைத் தோட்டமாக வளர்த்து, சாதிக்காய், கிராம்பு முதலியவற்றைக் கொணர்ந்து பயிரிட்டார். அகன்ற தாம்பாளம் போல் மிதக்கும் அமேசான் அல்லியின் இலைகளைக் காண மக்கள் கூடுவர். நாமோ தாளிப்பனை மரத்தின் அடியில் சற்று நிற்குமாறு கூறுவோம். நம் நாட்டிலும் இலங்கையிலும் வளரும் மரமே அது. அதன் ஓலையில் நம் முன்னோர் எழுதினர். பல்லாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, காய்த்து, பின் மடிந்துவிடும்.

தென்மேற்கே ஷமரேல் என்னுமிடத்தில் மண் ஏழு நிறமாகத் தோன்றும். எரிமலைப் பாறை நாளடைவில் சிதைந்து களியாக, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் சிவப்பு, பழுப்பு, ஊதா எனப் பல நிறம் காட்டுகின்றன. அருகிலேயே சுமார் நூறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியும் உண்டு. அதனை அடுத்த பிளாக் ரிவர் பள்ளத்தாக்குகள் 1994 முதல் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகின்றன. நடக்க வல்லவர்கள் ஒரு பகற்பொழுதை அங்கே செலவிடலாம்.

இத்தீவிற்கே உரியதாய் இருந்த டோடோ என்னும் பறவையைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பர். புறா இனத்தைச் சார்ந்த, பறக்க இயலாத பெரும் பறவை அது. மனிதரைக் கண்டு அஞ்ச அறியாதது. 1598-இல் டச்சுக்காரர் வந்திறங்கினர், எலியும் பன்றியும் குரங்கும் உடன் வந்து முட்டைகளைத் தின்றன, காடுகளும் வெட்டப்பட்டன. நூறாண்டு முடிவதற்குள் டோடோ ஒன்றுகூட எஞ்சவில்லை. தலைநகர் போர்ட் லூயிசிலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலையில் இன்று அதன் எலும்புகளையே காணலாம்.

எனினும் கதை அத்துடன் முடியவில்லை. 1974-இல் மொரீசியஸ் வல்லூறு என்னும் பறவை காட்டில் நான்கே எஞ்சியிருந்ததாக அறியப்பட்டது. கார்ல் ஜோன்ஸ் என்ற அறிஞரும் அவருடன் உழைத்தோரும் அதன் முட்டைகளை எடுத்துப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டனர். இன்று அவை நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. மாயெபூர் ஊருக்கு அருகிலுள்ள ஈல்-ஓ-ஸெக்ரெத் என்னும் சிறு தீவிற்குப் படகில் சென்றால், அவ்வாறே மீட்கப்பட்ட இளஞ்சிவப்புப் புறாவையும், பேராமைகளையும் காணலாம். அழித்ததும் மனிதக் கை. மீட்டதும் மனிதக் கையே.

இதுவரை கூறியவற்றை எந்தச் சுற்றுலா நிறுவனமும் காட்டும். இனிக் கூறுபவற்றை நீங்களே கேட்டுச் சென்று காண வேண்டும்.

சாலையின் இருபுறமும் கரும்புத் தோட்டங்கள். அவற்றின் நடுவே கோபுரம் போல் கருங்கற் குவியல்கள் நிற்கும். அவை யார் கட்டிய நினைவுச் சின்னங்கள் என்று வினவுவோர் உண்டு. சின்னங்களாகக் கட்டப்பட்டவை அல்ல அவை. எரிமலைக் கற்கள் நிறைந்த நிலத்தில் கரும்பு நட வேண்டி, தொழிலாளர்கள் வெறுங்கையால் பெயர்த்துச் சுமந்து குவித்த கற்கள். முதலில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொணரப்பட்ட அடிமைகள். 1835-இல் அடிமை முறை ஒழிந்தபின் நம் நாட்டு ஒப்பந்தக் கூலிகள்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்னும் இடம் இருக்கிறது. 1834-இல் தொடங்கி 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் கூலிகள் அவ்வழியே தீவிற்குள் கொண்டுவரப்பட்டனர். கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்களோடு, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் இருந்தனர். அவர்கள் ஏறி வந்த கற்படிகள் இன்றும் உள்ளன. 2006-இல் உலக மரபுச் சின்னமாக அவ்விடம் அறிவிக்கப்பட்டது. மோகா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், வந்தவர்களின் பெயரும் ஊரும் எழுதிய பதிவேடுகள் காக்கப்படுகின்றன. பலருடைய நிழற்படங்களும் உண்டு.

தென்மேற்கே லெ மோர்ன் என்னும் தனிக்குன்று கடலோரம் நிமிர்ந்து நிற்கிறது. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளில் மறைந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலரைக் கண்டு, மீண்டும் பிடிக்க வருகின்றனர் என அஞ்சி, அவர்கள் உச்சியிலிருந்து குதித்து மாண்டனர் என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அதன் அடிவாரத்துக் கடற்கரைதான் இன்று பெருஞ்செல்வர் தங்கும் விடுதிகள் நிறைந்தது. அங்கே படம் பிடிக்குமுன் ஒருகணம் அம்மலையை அண்ணாந்து பார்த்து மௌனமாக நிற்பது தகும்.

போர்ட் லூயிசை அடுத்த செந்த் குருவா ஆலயத்தில் முத்திப்பேறு பெற்ற ழாக் தெசிரே லவால் அடிகளின் கல்லறை உள்ளது. பிரான்சில் 1803-இல் பிறந்தவர். மருத்துவராய்ப் பணிபுரிந்து, 1838-இல் குருவாகி, 1841-இல் இத்தீவிற்கு வந்தார். சட்டத்தால் விடுதலை பெற்றும் சமுதாயத்தால் தள்ளி வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களிடம் சென்று, அவர்களது கிரியோல் மொழியைக் கற்று, அவர்களுக்கெனத் தனியே நண்பகல் திருப்பலி நிறைவேற்றினார். அவர்களுள்ளிருந்தே மறைக்கல்வி கற்பிப்போரை உருவாக்கினார். 1864 செப்டம்பர் 9-இல் இறந்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1979 ஏப்ரல் 29-இல் அவரை முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார். ஆண்டுதோறும் அவர் இறந்த நாளில், முந்திய இரவே மக்கள் கால்நடையாகச் செல்கின்றனர். இந்துக்களும் இசுலாமியரும் அக்கூட்டத்தில் உண்டு. 2019-இல் அதே நாளில் திருத்தந்தை பிரான்சிசும் அத்தீவிற்கு வந்து அக்கல்லறையில் செபித்தார்.

தமிழர் அங்கே கூலிகளாக மட்டும் செல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தரும் தச்சரும் சென்று அந்நகரைக் கட்டினர். தைப்பூசக் காவடி இன்றும் அந்நாட்டில் அரசு விடுமுறை. அதன் நாணயத் தாள்களில் தொகை தமிழ் எழுத்திலும் அச்சிடப்படுகிறது. நம்மை வண்டியில் ஏற்றிச் சென்ற முதியவர் ஒருவர், தம் பாட்டனார் தமிழர் என்றார், பேச்சு கிரியோல். தாள் ஒன்றை நீட்டி, அதிலுள்ள தமிழைப் படித்துக் காட்டுமாறு கேட்டார். நாம் படித்தோம். மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பின்பு அந்தச் சொல்லைத் தாமே இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அன்று நாம் கண்ட காட்சிகளுள் அதுவே நெஞ்சில் நின்றது.

உணவிற்கு விடுதியையே நம்பியிராதீர். தெருவோரத்தில் 'தால் பூரி' விற்பர். பருப்பு அடைத்த மெல்லிய பூரியில் கறியும் சட்டினியும் வைத்துச் சுருட்டித் தருவர். மிளகாய் போட்ட பருப்பு வடையும் உண்டு. பிரெஞ்சுப் பெயர் சூட்டியிருப்பினும் நம் வீட்டு வடையின் உறவு அது என்பதை முதல் கடியிலேயே அறிவீர்கள்.

இறுதியாகச் சில சொற்கள். கடன் வாங்கி இத்தகைய பயணம் மேற்கொள்ளாதீர். ஒரு வாரக் களிப்பிற்காக மூன்றாண்டு வட்டி கட்டும் வீட்டில் அமைதி தங்குவதில்லை. இயலாதவர்கள் அருகிலுள்ள கடற்கரைக்குச் சென்று, அதன் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னாலும் அதுவும் நல்ல விடுமுறையே. செல்ல வசதியுள்ளவர்கள், பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேடு கொடுத்து, நாள்தோறும் கண்டதை எழுதச் சொல்லுங்கள். வயதான பெற்றோரை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர் மட்டும் செல்வதானால், அவர்களுக்குத் துணை ஒழுங்கு செய்துவிட்டே வண்டியேறுங்கள். விடுதியில் உங்கள் அறையைத் துப்புரவு செய்யும் பெண்ணின் பெயரைக் கேட்டறியுங்கள். அவருடைய மூதாதையர் அக்கற்படிகளில் ஏறியவராக இருக்கலாம். உங்கள் ஊரிலிருந்தே சென்றவராகவும் இருக்கலாம். உறவினர் வீட்டிற்குச் சென்றால் எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே அங்கும் நடந்துகொள்ளுங்கள்.