செம்மரம் வெட்டுற கைக்கு சொந்த மரம் எப்போ? கல்வராயன் மலையில் பயிற்சி மட்டும் போதுமா?

கள்ளக்குறிச்சி:
எந்த மரம் எந்த மண்ணில் தேறும், எந்தக் கிளையை கழித்தால் மரம் நேரா போகும் என்பதெல்லாம் கல்வராயன் மலைக்காரர்களுக்கு அத்துப்படி. ஆனா மரத்தால் அவங்களுக்கு கிடைச்சது கூலி மட்டும்தான். சில பேருக்கு கூலியோட கேஸும் சேர்த்து!

2015 ஏப்ரல் 7-ந்தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீசார் சுட்டதில் தமிழக தொழிலாளர்கள் 20 பேர் பலியானார்கள். செம்மரம் வெட்டப் போய் கைதானவர்கள் கல்வராயன் மலையிலும் உண்டு. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷ சாராயம் 60-க்கும் மேற்பட்டோரை பலி வாங்கியது. அதன் பிறகுதான் இந்த மலை மக்களின் நிலை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. செம்மரமும் வேண்டாம், சாராயமும் வேண்டாம் என்றால் பிழைப்புக்கு வழி?

வழி இல்லாமல் இல்லை. 2021-22-ல் தொடங்கிய வேளாண் காடுகள் திட்டத்தில் தேக்கு, வேங்கை, சந்தனம், ஏன், அதே செம்மரக் கன்றுகூட விவசாயிகளுக்கு இலவசம். 'உழவன்' செயலியில் பதிவு செய்யணும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும், கோவை வன மரபியல் நிறுவனமும் மரம் வளர்ப்பு பயிற்சி தருகின்றன. ரெண்டும் மலைக்கு ரொம்ப தூரம்!

துவரை ரகசியம்

பயிற்சி தேவையா என்றால், தேவைதான். சந்தனக் கன்றை தனியா நட்டால் தேறாது. பக்கத்துச் செடியின் வேரில் இருந்து சத்தை உறிஞ்சி வளரும் மரம் அது. கூடவே துவரை போடணும். தேக்கை நெருக்கி நட்டு அப்படியே விட்டால் எல்லாமே குச்சியாகத்தான் நிற்கும். 5-ம் ஆண்டு ஒரு தடவை, 10-ம் ஆண்டு ஒரு தடவை இடையில் கழித்தால்தான் மீதி மரம் பருக்கும்.

அதுவரைக்கும் வயிறு? கடுக்காய், புளி, தேன் இருக்கு. தோல் பதனிடவும், நாட்டு மருந்துக்கும் கடுக்காய் வேணும். ஆனா கிளையோடு முறித்துப் பறித்தால் அடுத்த வருஷம் காய் குறையும். மலைக்கு கீழேயும் ஆள் இருக்காங்க. 2021-ல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு மரம் வேணுமே!

பட்டா எங்கே?

சிக்கல் வேற இடத்தில் இருக்கு. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. பல தலைமுறை உழுத நிலத்துக்கும் பட்டா இல்லாதவர்கள் இருக்கிறார்கள். காகிதம் இல்லாத நிலத்தில் 20 வருஷ மரத்தை யார் நடுவா? ஒரு வருஷத்தில் காசு தரும் மரவள்ளியைத்தான் போடுவாங்க.

2002-ல் சட்டத்தை திருத்தி, பட்டா நிலத்து சந்தனத்தை நிலத்துக்காரருக்கே சொந்தமாக்கினார்கள். வெட்ட வனத்துறை அனுமதி வேணும். 2006 வன உரிமைச் சட்டம் கடுக்காய், தேன் போன்றவற்றை சேகரித்து விற்க மலைமக்களுக்கு உரிமை தருது. வெட்டு மரம் அதில் சேராது.

இதையெல்லாம் விவசாயிக்கு மட்டுமில்லை, வனத்துறை ஊழியருக்கும் சொல்லித் தரணும். 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு வந்த காடு வளர்ப்புத் திட்டம் கிராம வனக்குழு வைத்து மக்களையும் வனத்துறையையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. விறகுக்கட்டோடு வருபவரை திருடனா பார்க்கும் பார்வை மாறாமல், வகுப்பு எடுத்து என்ன பயன்?

முதல் வேலையா வெள்ளிமலையில் பட்டா முகாமையும், கன்று பதிவு முகாமையும் ஒரே நாளில் வைக்கட்டும். மலை ஜனத்துக்கு ஒரு நாள் கூலியும், பஸ் செலவுமாவது மிஞ்சும்.