பலூனுக்குள் பயான்

சித்திரக்கதை எழுதுவது சிறுபிள்ளை வேலை என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அவரே எழுதிய சித்திரக்கதை ஒன்றை எங்கள் தரம் 8 பிள்ளைகளிடம் கொடுத்திருந்தேன். மூன்றாம் பக்கத்திலேயே மூடிவிட்டார்கள். இரண்டு பேர் நிற்கிறார்கள். தலைக்கு மேல் பலூன், அதற்குள் ஒரு முழுப் பயான். அடுத்த கட்டத்திலும் அதே இருவர், அதே நிற்பு, மிச்சப் பயான்.

உருவம் வரையலாமா கூடாதா என்பதை உலமாக்கள் பேசட்டும். என் சண்டை எழுதுகிறவர்களோடு.

என் மாணவன் ஒருவன் ஒரு பிரதி கொண்டுவந்தான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவனுடைய உம்மும்மா எருக்கலம்பிட்டியிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டிக்குப் போன கதை. முதற் கட்டத்திலேயே அவர், "பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த மண்ணைப் பிரிகிறோமே, இது என்ன அநியாயம்!" என்று முழங்குகிறார். உன் உம்மும்மா இப்படிப் பேசுவாவா என்று கேட்டேன். சிரித்தான். அன்று உண்மையில் என்ன சொன்னா? "கோழியத் தொறந்து விட்டியா எண்டு கேட்டாவாம், சேர்."

இதுதான் வசனம். இதை எழுதாமல் அநியாயம் அநியாயம் என்று எழுத அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். மேடைப் பேச்சும் கட்டுரைப் போட்டியும் எங்கள் பிள்ளைகளின் காதைக் கெடுத்துவிட்டன.

"கதவைப் பூட்டிவிட்டு ஓடிவந்து வள்ளத்தில் ஏறினார்" என்று ஒரு கட்டத்துக்கு எழுதியிருந்தான். ஓவியர் எதை வரைவார்? நின்ற படம் ஒரு கணத்தைத்தான் காட்டும். பூட்டும் கை ஒரு கட்டம். சாவியை முந்தானையில் முடியும் விரல்கள் இன்னொன்று. பிறகு கடல், சொல்லே வேண்டாம். "அவர் அழுகிறார்" என்று மேலே எழுதிக் கீழே அழும் முகத்தை வரையச் சொல்வது, வாசகனைக் குருடன் என்று சொல்வதற்குச் சமம். தமிழில் வேறொரு தொல்லையும் உண்டு. "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒற்றைச் சொல்லே சிறு பலூனை நிரப்பிவிடும், "போறாங்க" என்றால் இடமும் மிச்சம், உயிரும் மிச்சம். முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்தச் சொல்லியும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பதில் முந்திக்கொள்ளும், கேள்வி பிந்தி வரும்.

ஊரை எழுதாவிட்டால் ஓவியர் தென்னையும் ஆறும் வரைந்து தந்துவிடுவார். மன்னார் என்றால் பனை, தெருவில் கழுதை, பள்ளிமுனைப் பெருக்கமரம்.

1972இல் முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியின் பழைய பிரதிகளைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வாசித்தவர்கள் நம்மில் பலர். அது மொழிபெயர்ப்பு. நமக்கென்று எழுதப் பழகவில்லை. யூத இனப்படுகொலையைத் தகப்பனின் வாய்மொழியாகச் சொன்ன 'மவுஸ்' சித்திரக்கதைக்கு 1992இல் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. வன்னிப் போரை ஒரு குடும்பத்தின் வழியே சொன்ன 'வன்னி' 2019இல் வந்தது. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லிண்ட்சே பொலொக். இருவரும் பிரித்தானியர். அவர்கள் மீது குறையில்லை. எருக்கலம்பிட்டியையும் அவர்களே வந்து எழுதட்டும் என்று காத்திருக்கிறோமா?

மாணவன் திருத்திக் கொண்டுவந்ததில் 11 கட்டங்கள், 43 சொற்கள். கோழிக்கூடு இரண்டாம் கட்டத்தில் வருகிறது. வரைய ஆள் தேடுகிறோம். பனை வரையத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.